முப்பத்தெட்டு கவரும் ஒரு ஃபிளெக்ஸும்

போன வாரம் வேல்விழியைப் பெங்களூருவில் கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். ஜன்னலோர சீட்டு, மடியில் பை, பைக்குள் விருதுக் கேடயம். கேடயத்துக்கு அடியில், வாய் ஒட்டிய முப்பத்தெட்டு பழுப்புக் கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்ணும் ஒரு பெயரும்.

இந்த வாரம்தான் புதிதாக உள்ளே வருகிறீர்களா? வாருங்கள், நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஆராய்ச்சிப் படிப்புக்காக வேல்விழி சொந்த ஊரான சுருளிப்பட்டிக்கு வந்தாள். திராட்சைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிற முப்பத்தெட்டு ஆண்களிடம் ரத்தம் எடுத்துப் போனாள். "ஆறே மாசம். ரிசல்ட்டோட நானே வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லுவேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

ரத்தம் ஆராய்ச்சிக் கட்டுரை ஆனது. கட்டுரை முனைவர் பட்டம் ஆனது. போன மாதம் டெல்லி மேடையில் இளம் ஆய்வாளர் விருதும் ஆனது. ரத்தம் கொடுத்த மனுஷனுக்கு மட்டும் ஒரு வரி பதில் வரவில்லை.

முதல் வருஷம், "கட்டுரை அச்சாகும் வரைக்கும் வாயைத் திறக்காதே" என்று பேராசிரியர் சொன்னார். அது நியாயமான காரணம். அதற்கப்புறம் காரணமே கிடையாது. இவ்வளவு நாள் கழித்து எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்ற கூச்சம், அவ்வளவுதான். தள்ளிப்போடப் போட அந்தக் கூச்சம் பெருத்துக்கொண்டே போனது. விருது வாங்கிய அன்றைக்கு ராத்திரி அவளால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் உட்கார்ந்து முப்பத்தெட்டு கடிதங்களையும் தன் கையாலேயே தமிழில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டினாள்.

சத்தமில்லாமல் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம். பஸ்ஸில் அவள் போட்ட கணக்கு அதுதான்.

அந்தக் கணக்கு எத்தனை மணி நேரம் தாங்கியது என்று பாருங்கள்.

காலை ஆறரைக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். அப்பா மலைச்சாமி எக்ஸெல் வண்டியோடு நின்றிருந்தார். புது வேட்டி. மீசைக்கு முந்தின நாள்தான் சாயம் பூசியிருக்க வேண்டும், மேலுதட்டிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ஏத்தா, எலும்பும் தோலுமால்ல இருக்க! ஏறு ஏறு. பத்தரைக்குப் பாராட்டு விழா."

"என்ன விழா? நான்தான் வேணாம்னு சொன்னேனேப்பா."

"நீ சொல்லுவ, ஊரு கேக்கணும்ல? மைக்செட்டு வந்தாச்சு, சாமியானா போட்டாச்சு. உங்கத்தை பவுனு வீட்டுலயும் இன்னிக்குத்தான் விசேசம். முத்துராஜாவுக்குக் கடமலைக்குண்டுலருந்து பொண்ணு வீட்டுக்காரக கை நனைக்க வாராக. பன்னெண்டு மணிக்கு வேன் வந்துரும்."

கை நனைப்பது என்றால் சும்மா சாப்பாடு இல்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரைக்கும் காபித் தண்ணி கொடுத்தால்கூட 'இப்பத்தான் குடிச்சோம்' என்று நழுவுவார்கள்.

முத்துராஜா பெயரைக் கேட்டதும் வேல்விழி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அத்தை மகன். இவளுக்கு என்றே பேசி வைத்திருந்தவன். படிக்கப் போகிறேன், கல்யாணம் வேண்டாம் என்று ஆறு வருஷத்துக்கு முன் இவள் சொன்னபோது ஒரு வார்த்தை கோபிக்காமல் இவள் பெட்டியைத் தூக்கி வந்து பஸ் ஏற்றிவிட்டவன். அதற்கப்புறம் அவனுக்கு வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது. முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. இது மூன்றாவது இடம்.

அவன் பெயரும் ஒரு கவரின் மேல் இருந்தது. எண் பதினேழு.

சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப் வந்தது. மலைச்சாமி வண்டியை மெதுவாக்கி, "அங்கன பாரு" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

இருபதடி ஃபிளெக்ஸ். நட்டநடுவில் கறுப்பு அங்கியும் பட்டமளிப்புத் தொப்பியுமாக வேல்விழி. பக்கத்தில் எங்கிருந்தோ பிடித்துப் போட்ட மைக்ராஸ்கோப், அவளைவிட உயரம். தலைக்கு மேல் 'சுருளிப்பட்டியின் சூரியனே வருக!' அதெல்லாம் பரவாயில்லை. கீழே வரிசை வரிசையாக ஆண்களின் முகங்கள். ஆதார் அட்டையில் முழிக்கிற முகம், கூலிங்கிளாஸ் போட்ட முகம், கல்யாண ஆல்பத்திலிருந்து மாலையோடு வெட்டி எடுத்த முகம். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்:

'ரத்தம் கொடுத்து ஆராய்ச்சியை வெல்ல வைத்த 38 சிங்கங்கள்!'

வண்டி நிற்பதற்கு முன்பே வேல்விழி இறங்கிவிட்டாள்.

"அப்பா! இந்தப் பேரெல்லாம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எப்பிடின்னா? அன்னிக்கு வரிசையில நிக்க வச்சதே நாந்தான? ஊசின்னதும் ஒருத்தன் முன்னுக்கு வரல. மொதக் கைய நாந்தான நீட்டுனேன்? ஒரு மொகம் விட்டுப்போனாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாய்ங்கன்னு மூணு நாளா வீடு வீடா அலைஞ்சு போட்டோ வாங்கியிருக்கேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கருமாதிக்கும் ஃபிளெக்ஸ். அதில் மாமன் முகம் விட்டுப்போனதால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் உண்டு. நன்றி என்றால் முகம் போடுவது. மலைச்சாமிக்குத் தெரிந்த மரியாதை அது.

"அப்பா, அந்த ஆராய்ச்சி எதுக்குன்னு தெரியும்ல?"

"ரத்தத்துல பூச்சிமருந்து ஏறியிருக்கான்னு."

"ஏறி என்ன செய்யிதுன்னு! ஆம்பளைகளுக்கு இருக்க வேண்டிய சுரப்பு கொறையுதா, புள்ள பெறக்குறதுக்கு அது எடஞ்சலா இருக்கான்னு. முப்பத்தெட்டுப் பேர்ல பதினோரு பேருக்குக் கொறஞ்சிருக்கு. இன்னிக்குத் தமிழ்ப் பேப்பர்லயே வந்துருச்சு. பேரு வெளிய வராதுன்னு ஒவ்வொருத்தருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். நீங்க போட்டோவோட கட்டி வச்சிருக்கீக!"

மலைச்சாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு போக நேரமாயிற்று. "இதெல்லாம் நீ அப்பச் சொல்லலியே தாயி."

"சொன்னேன்ப்பா. சமுதாயக்கூடத்துல நின்னு அரை மணி நேரம் படிச்சுக் காட்டுனேன்."

"நீ படிச்சத எங்க கேட்டோம்? எம்மக வெள்ளைக் கோட்டு போட்டு நிக்கிறாளேன்னு பாத்துக்கிட்டுல்ல இருந்தோம்."



மலைச்சாமி ஃபிளெக்ஸின் முதல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே முதல் முகம் அவருடையது. மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சுரப்பு... எனக்கும் பாத்தியா?"

"மொத ஊசியே ஒங்களுக்குத்தானேப்பா."

அவர் திரும்பி வண்டியை ஸ்டார்ட் செய்தார். மூன்று தடவை உதைத்த பிறகுதான் கிளம்பியது.

"கழட்டிருவோம்ப்பா."

"கழட்டி? நேத்துச் சாயந்தரத்துலருந்து எல்லாப் பய ஸ்டேட்டஸ்லயும் இதுதான் ஓடுது."

அவர் சொன்னதற்குச் சாட்சியாக, மருந்தடிக்கிற ஒச்சாண்டி பொண்டாட்டி பிள்ளைகளோடு வந்து தன் முகத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா ஜக்கம்மா வாசலிலேயே நின்றாள். மகளைக் கண்டதும் முகத்தைத் தடவி நெட்டி முறித்தாள்.

"அத்தை வீட்டுக்குப் போகலியாம்மா நீ? அங்க விசேசம்ல?"

"போவேன், போவேன். பின்னாடி அடுப்படியில வேலை இருக்கும்ல. தாம்பாளம் தூக்குறதுக்கு வேற ஆளு சொல்லிட்டாக. ஆம்பளப் புள்ள பெத்தவுக தூக்குனா நல்லதாம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம். வேல்விழிக்குப் பிறகு ஜக்கம்மாவுக்குக் குழந்தை தங்கவில்லை. 'ஒத்தப் பொட்டப் புள்ளையோட நின்னுபோனவ' என்று பவுனு நாத்தனார் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லி வைத்தாள். அண்ணனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கவும் ஒருமுறை கிளம்பினாள். ஜக்கம்மா வீரபாண்டித் திருவிழாவில் ஒன்பது வருஷம் தொடர்ந்து தீச்சட்டி எடுத்தாள். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மலைச்சாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, 'விடு பவுனு' என்று மட்டும் சொல்வார்.

ஒன்பது மணி வாக்கில் முத்துராஜா வந்தான். மாப்பிள்ளைக்கு எடுத்த இளநீலச் சட்டை, மடிப்புக் கலையாமல். கையில் போன்.

"வா மச்சான்" என்றாள் வேல்விழி.

"விருது வாங்குன போட்டோ பாத்தேன் விழி. நல்லா இருந்துச்சு." நின்றான். பிறகு போனை நீட்டினான். பேப்பர் செய்தி. 'மருந்தடிக்கும் ஆண்களுக்கு மகப்பேறு பாதிப்பு: கம்பம் பள்ளத்தாக்குப் பெண் ஆய்வில் தகவல்.' "இதுல பதினோரு பேருன்னு போட்டிருக்கு. நான் அதுல உண்டா?"

அவள் பைக்குள் கை விட்டுப் பதினேழாம் எண்ணை எடுத்துக் கொடுத்தாள். "இதுல எழுதியிருக்கேன். என்ன செய்யணும், யாரைப் பாக்கணும், எல்லாம். பிரிச்சுப் பாரு, நான் வெளிய நிக்கிறேன்."

முத்துராஜா கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிரிக்கவில்லை.

"பிரிச்சா மூஞ்சியில தெரிஞ்சுபோகும். அவுக பன்னெண்டு மணிக்கு வாராக."

"மச்சான்..."

"தெரியாம உக்கார வச்சுச் சோறு போட்டா அது ஏமாத்து வேல. தெரிஞ்சுக்கிட்டு மறச்சாலும் ஏமாத்து வேல. நான் என்ன செய்யட்டும், சொல்லு." சட்டைப் பைக்குள் கவரை வைத்தான். இளநீலத் துணிக்குள் பழுப்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. "மூணு வருசமாச்சு விழி. ஒரு போன் போட்டிருக்கலாம்ல? பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் அந்தப் புள்ளைகிட்ட நேராச் சொல்லியிருப்பேன்."

அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் அவளைப் பெட்டி தூக்கிப் பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்குப் பேசிய அதே தணிந்த குரலில் பேசினான். வேல்விழிக்கு நின்ற இடத்தில் அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அந்தக் கவருக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் கேட்கத் தோன்றும். கவர் அவனுடையது, அவனே இன்னும் பிரிக்கவில்லை, நாமும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

பத்தரை மணிக்குப் பஸ் ஸ்டாப் பக்கம் நூறு நாற்காலிக்கும் ஆள் வந்துவிட்டது. முன்வரிசையில் மருந்தடிக்கிறவர்கள், ஆளுக்கொரு துண்டு தோளில். மேடையில் வேல்விழி. அவள் கழுத்தில் ரோஜா மாலை. அதன் கனத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மலைச்சாமி ஓரமாக மைக் பக்கத்தில் நின்றார். வழக்கமாகக் கூட்டத்தில் அவர் சத்தம்தான் கேட்கும். இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய வேன் பதினொன்றுக்கே வந்துவிட்டது. நேராக ஃபிளெக்ஸுக்கு அடியில் நின்றது.

பெண்ணின் அப்பா வீரணன் முதலில் இறங்கினார். நிதானமான மனிதர். அண்ணாந்து ஃபிளெக்ஸைப் படித்தார். இடுப்பில் செருகியிருந்த பேப்பரை எடுத்து விரித்து அதையும் ஒருமுறை படித்தார். மறுபடி அண்ணாந்தார். இரண்டாவது வரிசையில் கூலிங்கிளாஸ் போட்ட முகத்தைப் பார்த்தார்.

பவுனு ஓடி வந்தாள். "வாங்கண்ணே, வாங்க! வெயிலு என்னமா அடிக்குது. வீட்டுக்கு வாங்க, எலை போட்டாச்சு."

"வாறோம் தாயி." வீரணன் பேப்பரை மடித்தார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கிறேன், தப்பா நெனைக்காதீக. காலையில டீக்கடையில இதப் படிச்சுட்டு, யாரு பெத்த புள்ளைகளோன்னு பாவப்பட்டுக்கிட்டுத்தான் வேன் ஏறுனேன். இங்கன வந்து பாத்தா நம்ம மாப்பிள்ளை மொகம் தொங்குது. அந்தப் பதினோரு பேர்ல இவரு இருக்காரா, இல்லியா?"

கூட்டத்திலிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து பார்த்துப் பார்த்து மகிழ்ந்த முகங்கள்தான். ஒச்சாண்டி மெல்லத் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இருந்தும் பொத்திக்கொண்டார்.

"எம்மகனுக்கு ஒரு கொறையும் இல்ல!" பவுனு மேடையைப் பார்த்துக் கத்தினாள். "ஏ விழி! எந்திரிச்சு மைக்குல சொல்லு. எம்மகன் அதுல இல்லைன்னு சொல்லு!"

வேல்விழி எழுந்தாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மைக்கைப் பிடித்தாள்.

"அத்தை, என்னால சொல்ல முடியாது."

"ஏன் முடியாது? ஒன்னையக் கட்டலைங்கிற ஆத்திரமா? நீதான வேணாம்னு போன?"

"ஒருத்தருக்கு இல்லைன்னு நான் சொன்னா, அடுத்தவரும் கேப்பாரு. யாருக்கு நான் வாயத் தெறக்காம நிக்கிறேனோ அவரு பேரு கெட்டுப்போகும். அவரவர் ரிசல்ட்ட அவரவருக்கு மட்டுந்தான் சொல்லுவேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அந்தக் கையெழுத்த மூணு வருசத்துக்கு முன்னாடி ஞாபகம் வச்சிருக்கணும் தாயி" என்றார் ஒச்சாண்டி துண்டுக்குள்ளிருந்து.

அவள் அதற்குத் தலையாட்டினாள். பிறகு பேசினாள். மேடைப்பேச்சு இல்லை, அவள் பேசப் பேச மூக்கு அடைத்துக்கொண்டது.

"ஆமா. ஆறு மாசத்துல வாரேன்னு சொன்னேன். வரல. நீங்க நீட்டுன கையில ரத்தம் எடுத்துட்டுப் போய் நான் டாக்டர் பட்டம் வாங்குனேன், விருது வாங்குனேன். கொறை இருக்கிறவுகளுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா மருந்தடிக்கிறத நிறுத்தியிருக்கலாம், வைத்தியம் பாத்திருக்கலாம். நெறையப் பேருக்குச் சரியாகக்கூடிய விசயந்தான் இது. கொறஞ்சிருக்குன்னா புள்ளையே பெறக்காதுன்னு அர்த்தம் இல்ல. அதச் சொல்றதுக்குக்கூட நான் வரல. எனக்கு வெக்கமா இருக்கு. இந்தக் கேடயத்தத் தூக்கிக்கிட்டு ஒங்க முன்னாடி நிக்கிறதுக்கு அவமானமா இருக்கு."

யாரும் கைதட்டவில்லை. ஒச்சாண்டி துண்டை இறக்கினார். "நீ வெக்கப்பட்டு என்ன தாயி? எம்மூஞ்சில்ல அங்கன தொங்குது."

"ஆளு யாருன்னு தெரியாதவரைக்கும் முப்பத்தெட்டுப் பேரும் அப்பிடித்தான்னு ஊரு சொல்லும்" என்றாள் பவுனு. "எம்மகன் வாழ்க்கையே போச்சே!"

வீரணன் வேன் கதவில் கை வைத்தார். முத்துராஜா கூட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றான். அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"இரு மாப்ள!"

மலைச்சாமி மகளின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"ஃபிளெக்ஸ் வச்சது நாந்தான். அதுக்கு ஒங்க கால்ல வேணா விழுறேன். ஆளு யாருன்னுதான கேக்குறீக? பதினோரு பேர்ல ஒரு ஆளு நான்."

"அப்பா!" வேல்விழி அவர் கையைப் பிடித்தாள். "ஒங்க கவர நான் இன்னும் தரவே இல்ல."

"தர வேண்டாம். அதுல என்ன எழுதியிருக்கன்னு எனக்குத் தெரியும் தாயி. இருபத்தஞ்சு வருசமாத் தெரியும்." அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, மைக்கையே பார்த்துப் பேசினார். "எம்மகளுக்கு அப்ப நாலு வயசு. அடுத்த புள்ள தங்கலியேன்னு மதுரையில ஒரு டாக்டர்கிட்டப் போனேன். தனியாத்தான் போனேன். கொறை ஒங்கிட்டதான்ப்பா, மொதல்ல மருந்தடிக்கிறத விடுன்னாரு. நான் விடல. வீட்டுல வந்தும் சொல்லல. ஆம்பளைக்குக் கொறைன்னு எப்பிடிச் சொல்றது? ஊரெல்லாம் ஜக்கம்மாவச் சொல்லுச்சு. எந்தங்கச்சி சொல்லுச்சு. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பவுனு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சிருந்தும் இந்த முத்துராஜாவுக்குப் பதினேழு வயசுல மருந்து டேங்க முதுகுல மாட்டிவிட்டதும் நாந்தான். அவனுக்கு அதுல ஏதும் ஆகியிருந்தா அது எம்பாவம். ஆகாமலும் இருக்கலாம். என்னையப் பாருங்க. கொறை உள்ளவந்தான். எனக்கும் ஒரு புள்ள பெறந்து, டாக்டர் பட்டம் வாங்கி இங்கன நிக்கிது. அவனை ஒதுக்குறதுக்கு முன்னாடி இத யோசிச்சுக்கங்க வீரணன்."

வீரணன் வேன் கதவிலிருந்து கையை எடுத்தார். தன் கூட வந்தவர்களிடம் குனிந்து ஏதோ பேசினார். பிறகு முத்துராஜாவிடம் நடந்து வந்தார்.

"பையில வச்சிருக்கீகளே, அதானா?"

"ஆமா. இன்னும் பிரிக்கல."

"பிரிக்காதீக. எம்மக மகாலட்சுமி படிச்ச புள்ள. அவ வாழப்போறது. எங்ககூட வேன்ல வாங்க, அவ முன்னாடி பிரிங்க. அவ என்ன சொல்றாளோ அதான். சோறு எங்கயும் போயிராது."

முத்துராஜா அம்மாவைப் பார்த்தான், வேல்விழியைப் பார்த்தான், வேனில் ஏறினான். பாரம் கொஞ்சம் இறங்கியது போல் கூட்டம் மூச்சு விட்டது. முன்வரிசையில் ஒச்சாண்டி எழுந்து, "என் கவர் எங்க தாயி? எங்கையில குடு" என்றார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

மலைச்சாமியின் கண்கள் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடின.

ஜக்கம்மா பவுனு வீட்டு அடுப்படியிலிருந்து மைக் சத்தம் கேட்டு வந்து கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றிருந்தாள். கரண்டி பிடித்த கை அப்படியே இருந்தது. எல்லாம் கேட்டிருந்தாள். இப்போது கரண்டியைப் பவுனுவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நேராக வேனுக்கு நடந்தாள்.

"அண்ணே, நானும் வாறேன். ஒங்க ஊர்லருந்து மயிலாடும்பாறைக்கு பஸ் ஏத்தி விட்டுருங்க" என்றாள் வீரணனிடம். மயிலாடும்பாறை அவள் பிறந்த ஊர். அங்கே அவளுடைய தம்பி வீடு இருக்கிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து கோபித்துக்கொண்டு ஒருநாள்கூட அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

"அம்மா!" வேல்விழி மேடையிலிருந்து ஓடி வந்தாள். பின்னாலேயே மலைச்சாமி, கையில் மைக்கோடு, வயர் நீண்ட மட்டும்.

"ஜக்கம்மா, நான் சொல்றத..." அவர் சொன்னது ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது.

"அந்த மைக்க அமத்துங்க." ஜக்கம்மா வேன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தழும்பு விழுந்த உள்ளங்கையை மடியில் விரித்து வைத்திருந்தாள். "நல்லதுதான் செஞ்சீக. முத்துராஜாவுக்காகச் செஞ்சீக. அவன் நல்லா இருக்கட்டும். ஆனா எனக்குத் தனியா உக்காத்தி வச்சுச் சொல்ல வேண்டியத, ஊரோட ஊரா நின்னு கேக்க வச்சுட்டீகளே."

வேல்விழி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "அம்மா, நானும் வாரேன்."

"வேணாம். அங்கன வரிசையில நிக்கிறாக பாரு, போய்க் கவரக் குடு." ஜக்கம்மா மகளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பனும் மகளும் ஒரே ரத்தந்தான். யாருக்கு மொதல்ல சொல்லணுமோ, அவுகளுக்குக் கடைசியாத்தான் சொல்லுவீக."

வேல்விழியின் கை கம்பியிலிருந்து தானாக இறங்கியது.

வேன் கிளம்பியது. ஃபிளெக்ஸைச் சுற்றித் திரும்பி, கம்பம் ரோட்டில் ஏறிப் போயிற்று. மலைச்சாமி மைக்கை அமத்தத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு விடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தது.